ஆளில்லாத முற்றம்

தணிகாசலம் படியேறி வந்தபோது குரு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

தென்னூரில் ஒரு கண்ணாடிக் கடை. கீழே வியாபாரம், மேலே கண் பரிசோதிக்கும் அறை. வார நாட்களில் அங்கே வருகிறவர்களின் கண்களைச் சோதிப்பது குருவின், அதாவது அமலோற்பவத்தின், வேலை. ஞாயிற்றுக்கிழமை பரிசோதனை நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஒரு மேஜையை நடுவில் போட்டு, கதையாட்டம் நடத்துவாள்.

அந்த ஆட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நுழைந்து, தாங்கள் செய்வதை வாயால் சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள்; பெரிய எண் விழுந்தால் நடக்கும். பதுங்கிப் போவதற்கு உருட்டினால் அதற்கு ஸ்டெல்த் என்று பெயர். எதையாவது கவனிப்பதற்கு உருட்டினால் பெர்செப்ஷன்.

குருவுக்கு வயது முப்பத்தொன்று. தணிகாசலத்துக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறவர். படிக்கிற கண்ணாடி வாங்க வந்த இடத்தில் மேஜையைப் பார்த்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். அமலோற்பவத்தைக் குரு என்று முதலில் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். நாளடைவில் கேலி போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. கற்றுக்கொண்ட தைரியத்தில் தணிகாசலம் இப்போது தன் வீட்டிலேயே ஒரு மேஜை நடத்துகிறார்.

"சாப்பிட்டாச்சா சார்?"

"சோறு இறங்கலை. என் வீட்டுக்காரி என்னைத் திருடன்னு சொல்லிட்டா."

"திருடி அவங்கதானே?"

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் வரை போய்த் திரும்பி வந்தார்.

"கரிச்சான் செத்துட்டா, குருவே."

குருவின் கை டப்பாவில் நின்றது.

கரிச்சான் என்பது தணிகாசலத்தின் மனைவி வேதவல்லி ஆடும் பாத்திரம். சுவரேறுகிற திருடி. உப்பு வியாபாரி ஒருவன் அவளுடைய தம்பியைத் தன் கோட்டையில் அடைத்து வைத்திருந்தான். அந்தத் தம்பியை மீட்பதுதான் கரிச்சானின் வேலை. எட்டு மாதமாக வேதவல்லி அந்தக் கோட்டையை நெருங்கி வந்துகொண்டிருந்தாள்.

"எப்படிச் செத்தாங்க?"

"முறைப்படி."

"முறைப்படின்னா?"

"பகடை விழுந்தபடி. நான் என் இஷ்டத்துக்கு ஒண்ணும் செய்யலை. அதுக்குத்தான் திருடன் பட்டம். நேத்திலேருந்து என்கிட்ட பேச்சு இல்லை. சாப்பாடு எடுத்து வச்சிருக்குன்னு சுவரைப் பார்த்துச் சொல்றா. இனிமே என் மேஜையில உட்கார மாட்டேன்னுட்டா. அவ வரலேன்னா மத்தவங்களும் வரமாட்டாங்களாம். மேஜை போனாப் போகுது. அவ என் எதிர்ல உட்கார்ந்து ஆடணும் குருவே. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் நாங்க ரெண்டு பேரும் வண்டியைப் பத்திப் பேசாம வேற ஏதாவது பேசறோம்."

"என்கிட்ட என்ன வேணும்?"

"ஒரு விதி. எப்போ ஸ்டெல்த் கேட்கணும், எப்போ பெர்செப்ஷன் கேட்கணும். சொல்லிடுங்க. அதும்படி செய்றேன். அப்புறம் எவரும் என்னைக் குத்தம் சொல்ல முடியாது."

குரு டப்பாவை மூடினாள். பாதிச் சோறு உள்ளேயே இருந்தது.

"முதல்லேருந்து சொல்லுங்க."

"கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு கதவு. அதோட சாவி கிணத்தடியில கிடந்தது. கிணத்துக்கிட்ட வந்தாங்க. பெர்செப்ஷன் போடுங்கன்னேன். எல்லாருக்கும் கம்மியா விழுந்தது. ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டேன்."

"சாவி கிடைக்கலேன்னா கதை எப்படி மேலே போகும்?"

"அதான் போகலை. கிணத்தையே சுத்திச் சுத்தி வந்தாங்க. வாளியைப் பார்த்தாங்க, கயித்தைப் பார்த்தாங்க, துணி துவைக்கிற கல்லைப் புரட்டினாங்க. காப்பி ஆறிப்போச்சு."

"ஏன் அங்கேயே சுத்தினாங்க?"

"நான் கேட்டுட்டேனே. ஏதோ இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு."

"இருக்குன்னும் சொல்லிட்டீங்க. தரமாட்டேன்னும் சொல்லிட்டீங்க."

"பகடைதான் தரலை."

குரு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"மேலே சொல்லுங்க."

"அவளுக்குக் கோபம் வந்துட்டுது. நீங்க எல்லாரும் கிணத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க, நான் சுவரேறிப் போறேன்னு தனியாக் கிளம்பிட்டா. சுவர்ல ஸ்டெல்த் கேட்டேன். பதினேழு. தாண்டிட்டா. முற்றத்துல கேட்டேன். பத்தொன்பது."

"முற்றத்துல யார் இருந்தா?"

"யாருமில்லை."

"ஆளில்லாத முற்றத்துல யார் காதுக்குப் பயந்து பதுங்கினாங்க?"

"திருடி நடந்தா ஸ்டெல்த் கேட்கிறதுதானே முறை?"

"அப்புறம்?"

"சமையல்கட்டு. பதினாலு."

"அங்கே யாரு?"

"ஒரு பூனை."

"பூனை யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

"கிண்டல் பண்ணாதீங்க குருவே."

"கிண்டல் பண்ணலை. பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கேட்கிறேன். அப்புறம்?"

"மாடிப்படி. தாண்டிட்டா. தாழ்வாரம். அதையும் தாண்டிட்டா. தம்பியை அடைச்சு வச்சிருக்கிற அறை வாசல். ரெண்டு விழுந்தது. அங்கே தூங்கிக்கிட்டிருந்த காவலன் முழிச்சான். ஈட்டியால குத்தினான்."

"முழிச்ச உடனே?"

"தோத்தா குத்துவான்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருந்தேன். நடுவுல மாத்தினா நியாயமில்லை."

குரு எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். எதிர்ச் சுவரில் இருந்த எழுத்துப் பலகையின் விளக்கைப் போட்டாள்.

"நாற்காலியில உட்காருங்க."

"கண்ணுக்கு ஒண்ணுமில்லை."

"உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். அவள் ஒரு கண்ணை மறைத்துவிட்டு, குச்சியால் பலகையில் தொட்டாள்.

"இது என்ன எழுத்து?"

"ட."

"நல்லாப் பாருங்க."

"ட."

"இன்னும் நல்லா."

"ட-தான்."

"அவசரமே இல்லை. பார்த்துச் சொல்லுங்க."

அவர் முன்னால் சாய்ந்தார். கண்ணை இடுக்கினார். விழியோரம் நீர் கோத்தது. எழுத்தின் வலது பக்கத்தில் ஒரு கோடு எழும்பி நிற்பதுபோல் இருந்தது.

"ப-வா?"

"பார்வை சரியில்லை," என்றாள் குரு. விளக்கை அணைத்தாள்.

தணிகாசலம் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "என்ன சரியில்லை? முதல்லயே கரெக்டாத்தானே சொன்னேன்! சரின்னு விட்டீங்களா? தப்பாச் சொல்ற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா எவனுக்குத்தான்..."

வாய் திறந்தபடியே நின்றது.

குரு திரையை விலக்கினாள். வெயில் உள்ளே வந்தது.

தணிகாசலம், "சரி. ஒரு தடவைதான் கேட்கணும். அதானே விதி?" என்றார். குரலில் இன்னும் சூடு இருந்தது. "இதை நேராவே சொல்லியிருக்கலாம்."

"ஒரு உபகாரம் பண்ணுங்க சார். என்கிட்ட கத்துக்கிட்டதா வெளியே யார்கிட்டயும் சொல்லாதீங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கையில் ஹெல்மெட்டோடு வேதவல்லி வந்து நின்றாள். டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு ஸ்கூட்டர் பழக்குகிறவள். மைதானத்திலிருந்து அப்படியே வந்திருந்தாள். முகத்தில் புழுதி.

கணவனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றாள்.

"இவர் எனக்கு முன்னாடியே வந்து ஒப்பாரி வச்சாச்சா?"

"உள்ளே வாங்க வேதாம்மா."

"உட்கார வரலை அமலா. உன் மேஜையில எனக்கு ஒரு இடம் வேணும். இனிமே நான் இங்கேதான் ஆடப்போறேன்."

"இடம் இல்லை."

"ஒரு ஸ்டூல் போட்டா ஆகாதா?"

"கோவிச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு ஸ்டூல்கூட இல்லை. சண்டையை முடிச்சுட்டு வாங்க."

தணிகாசலம் குறுக்கே வந்தார். "வேதா, நான் தப்புப் பண்ணிட்டேன். குரு புரிய வச்சுட்டாங்க. அந்தக் கடைசிப் பகடையை எடுத்துடறேன். காவலன் முழிக்கலை. கரிச்சான் சாகலை. போதுமா?"

"பிச்சை போடறீங்களா?"

"இல்லடி..."

"எட்டு மாசம் பார்த்துப் பார்த்து வளர்த்தவ. குத்துப்பட்டு விழுந்தா. மறுநாள் மத்தியானம் நீங்க வந்து எழுந்திரும்மான்னா எழுந்திரிக்கணுமா? செத்தது செத்ததுதான். அதையாவது அவளுக்கு விடுங்க."

"அப்புறம் என்னதாண்டி உன் கோபம்?"

வேதவல்லி ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். வைத்த வேகத்தில் அது உருண்டு சுவரில் முட்டியது.

"எத்தனை பொண்ணுங்களை எட்டு போட விடறேன் நான்? காலை ஊனாம ஒரு எட்டு போட்டுட்டா, போதும் இறங்குன்னு சொல்றேன். காலை ஊனுற வரைக்கும் சுத்து சுத்துன்னா சொல்றேன்? ஒவ்வொரு இடத்துலயும் நான் ஜெயிச்சேன். ஒவ்வொரு தடவை ஜெயிச்சபோதும் உங்க முகம் சின்னதாப் போச்சு. நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். அதுக்கு யாரும் என்கிட்ட பெர்செப்ஷன் கேட்கலை."



குரு அவரைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன் சார் முகம் சின்னதாச்சு?"

"ஆகலை."

"ஆச்சு," என்றாள் வேதவல்லி.

"ஆமா, ஆச்சு!" அவர் கத்திவிட்டார். கீழே கடையில் பேச்சு நின்று, பிறகு தொடர்ந்தது. அவர் குரலைத் தாழ்த்தினார். கோபம் தாழவில்லை. "அந்தக் காவலனை உண்டாக்க எனக்கு மூணு வாரம் ஆச்சு. வண்டி பழக்கும்போதெல்லாம் அவனைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பேன். ஒரு நாள் பிரேக் போட மறந்து இளநி வண்டியில இடிக்கப் பார்த்தேன். அவன் பேரு மாசாணம். ஒரு காது கேட்காது. அவன் தம்பி அந்த உப்பு வியாபாரியோட உப்பளத்துல வேலை பார்த்துச் செத்துப்போனவன். உள்ளே இருக்கிறது என் தம்பின்னு இவ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனே கதவைத் திறந்துவிட்டுக் கூடவே கிளம்பியிருப்பான். இவ என்னடான்னா சுவரைத் தாண்டறா, முற்றத்தைத் தாண்டறா, பூனையைக்கூடத் தாண்டறா. அவன் மூஞ்சியைப் பார்க்காமலே தம்பியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவா போல இருந்தது."

"அதனால?"

"எங்கேயாவது ஒரு இடத்துல சத்தம் வரட்டும், அவன் முழிக்கட்டும்னு பார்த்தேன்."



வேதவல்லி மெதுவாகக் கேட்டாள். "அப்போ முழிச்சதும் ஏன் குத்தினான்?"

"தோத்தா குத்துவான்னு..."

"விதியைக் கேட்கலை. மாசாணம் குத்துவானா?"

தணிகாசலம் கீழே பார்த்தார். "மாட்டான்."

"இப்படி ஒருத்தன் இருக்கான்னு ஒரு ஜாடை காட்டியிருந்தா நானே போய் அவனை எழுப்பியிருப்பேனே, மனுஷா! தூக்கத்துல தம்பி பேரைச் சொல்லி உளறினான்னு சொல்லியிருக்கலாமே. நின்னு கேட்டிருக்க மாட்டேனா? அவனையும் என்னையும் நீங்களே சேர்த்து வைக்காம, பகடை வந்து சேர்த்து வைக்கும்னு உட்கார்ந்திருந்தீங்களே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புழுதி முகத்தில் இழுபட்டது. அது கோபத்தில் வந்த கண்ணீர் என்பதால் யாரும் ஆறுதல் சொல்லவில்லை.

குரு மேஜையை இழுத்து நடுவில் போட்டாள். இரண்டு நாற்காலிகளை எதிரெதிராக வைத்தாள்.

"உட்காருங்க ரெண்டு பேரும். அடுத்த ஆள் கண்ணு காட்ட வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு."

"நான்தான் செத்துட்டேனே," என்றாள் வேதவல்லி. "யாரா உட்காரச் சொல்றே?"

குரு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டாள்.

வேதவல்லி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி யோசித்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"உள்ளே அடைபட்டிருக்கிற தம்பி. அவனை யாரும் ஆடலையே?"

"ஆடலை," என்றார் தணிகாசலம்.

"அப்போ நான் தம்பி." நேற்றிலிருந்து முதல் முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். "சொல்லுங்க. கதவுக்கு வெளியே என்ன சத்தம் கேட்டுது?"

தணிகாசலம் பையிலிருந்து பகடையை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பெர்செப்..."

"செத்தது அவனோட அக்கா சார். அது காதுல விழாமலா போகும்?" என்றாள் குரு ஜன்னலிலிருந்து.

அவர் பகடையிலிருந்து கையை எடுத்தார். எதிர்நாற்காலியில் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உன் அக்கா விழுந்த சத்தம் கேட்டுது. அப்புறம் ஈட்டியைக் கீழே போட்ட சத்தம்."

"குத்தினவன் எதுக்கு ஈட்டியைக் கீழே போடறான்?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது."

"கதவு?"

அவர் தயங்கினார். "பூட்டலை. விழறதுக்கு முன்னாடி அவ தாழ்ப்பாளை நீக்கிட்டா."

"நீக்கிட்டாளா?"

"நீக்கிட்டா."

வேதவல்லி சேலைத் தலைப்பைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கதவை லேசாத் திறந்து பார்க்கிறேன்."

"ஒருத்தன் உன் அக்கா பக்கத்துல முழங்காலைப் போட்டு உட்கார்ந்திருக்கான். உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. ஈட்டி அவனுக்குப் பின்னால தரையில கிடக்கு. கை எட்டாது. ரெண்டு மூணு எட்டு வச்சுப் போகணும்."

"அவன் யாருன்னு தம்பிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவன் தம்பி செத்த கதை?"

"தெரியாது."

"எனக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "சரி. வெறுங்காலோட வெளியே வர்றேன். மூச்சை அடக்கிக்கிட்டு அவன் முதுகுக்குப் பின்னால போய் அந்த ஈட்டியை எடுக்கிறேன்."

"எடுத்து?"

"கையில வரட்டும். அப்புறம் சொல்றேன்."

தணிகாசலம் பகடையைப் பார்த்தார். தொடவில்லை. தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"இப்போ ஸ்டெல்த் கேட்கலாமா, குருவே?"

"கேட்கிற தூரத்துல யார் இருக்கா?"

"மாசாணம். முழிச்சிருக்கான். ஒரு காது நல்லாவே கேட்கும்."

"நல்லா விழுந்தா?"

"ஈட்டி இவ கையில. அவன் முதுகு இவளுக்கு முன்னால."

"விழாட்டா?"

"அவன் திரும்புவான். தம்பி முகத்தைப் பார்ப்பான்."

குரு மேஜைக்கு அருகில் வந்தாள்.

"உங்களுக்கு எது விழணும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் கண் பகடைமேல் இல்லை. அவர் முகத்தின்மேல் இருந்தது. கீழே யாரோ கண்ணாடிக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் மறுபடி யோசித்தார்.

"தெரியலை, குருவே."

"அப்போ கேளுங்க."